கேட் பாஸ்

அறுவடை முடிந்த வயலில் மந்தை இறக்கியிருந்த
ஆற்காட்டுப் பக்கத்து வாத்துக்காரர்
நடக்கச் சுணங்கியவற்றை மட்டும் விற்றார்.
ஆறு வாங்கினேன். ஒன்றுக்கு இடக்கால் விந்தல்.
"லாரியில் ஏத்தினா மிதிபட்டே சாகும், வெச்சுக்கோ"
என்று அதற்குக் காசு வாங்கவில்லை.

காவேரிப்பட்டணம் தாண்டி, கால்வாய் ஓரம் வீடு.
மாங்கூழ் ஃபேக்டரியில் எனக்கு இரவுக் காவல்.
சாலம்மாவுக்கு அங்கேயே பகல், மாங்காய் அறுக்கும் மேசை.
வைகாசி பிறந்தால் நாங்கள் சந்திப்பது
வாத்துக் கூண்டு வாசலில் மட்டும்,
காலை ஆறேகால், மாலை ஆறரை.

"ஆறு" என்பாள்.
"ஆறு" என்பேன்.
தாழ்ப்பாள் கைமாறும்.
மாம்பால் பட்டு வெந்த அவள் விரலிடுக்கை
வாத்து எண்ணும் சாக்கில்தான் பார்த்தேன்.

வாத்து கோழி இல்லை.
இருட்டினால் கோழிக்குக் கூடு நினைவு வரும்.
வாத்துக்குக் கால்வாய் முழுக்கக் கூடு,
தவிட்டுச் சட்டியைத் தட்டித் தட்டித்தான் ஏற்ற வேண்டும்.
விடியுமுன் முட்டையிட்டு
இட்ட இடத்திலேயே அதை மறந்துவிடும்.
அடைகாக்க வராது, ஓட வராது.
கடிக்க ஒன்று வந்தால்
கூட்டமாய்த் திரும்பி நின்று கத்தும். அவ்வளவுதான் ஆயுதம்.
எனக்கும் கம்பெனி கொடுத்தது ஒரு விசில்தான்.

ஆனி எட்டாம் தேதி சாலம்மா "அஞ்சு" என்றாள்.
ரத்தம் இல்லை. மூலையில் ஒரு பிடி இறகு.
விந்தல் போயிருக்கும் என்று குனிந்தேன்.
விந்தல் இருந்தது.
போனது எல்லாவற்றிலும் திடமான ஆண்,
கழுத்தில் பச்சை மினுங்குமே, அது.

"தாழ் போட்டியா?"
"நீதானே போட்டே?"
அந்த மாதத்தில் நாங்கள் பேசிய
நீளமான பேச்சு அது.

பர்கூர் பக்கம் குவாரியில் கழித்த கிரானைட் ஓரங்களைக்
கூண்டைச் சுற்றி ஒரு முழ ஆழம் பதித்தேன்.
மறுநாள் மண்ணில் தடமே இல்லை.
கூரைத் தகரத்தில் இருந்தது,
ஐந்து விரலும் ஈர மண்ணோடு.
புளியமரத்திலிருந்து இறங்குகிறது மரநாய்.
நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோழிவலை வாத்தை உள்ளே வைக்கும்,
மரநாயை வெளியே வைக்காது.
அந்த வாரம் ராத்திரி பூராவும்
இரண்டாயிரம் பீப்பாய்க் கூழைக் காத்தேன்.
சீல் வைத்தது, ஆளால் தூக்க முடியாதது,
யாருக்கும் திருடத் தோன்றாதது.

கூழ் இயந்திரத்தின் பழைய சல்லடை
பின்பக்க இரும்புக் குவியலில் கிடந்தது.
எவர்சில்வர். சுண்டுவிரல் நுழையாத கண்.
சூப்பர்வைசர் இலியாஸிடம் கேட்டேன்.
"எடுத்துக்கோ, கேட்ல எழுதிட்டுப் போ" என்றார்.
கேட்டில் இருப்பதே நான்.

விடியற்காலை நோட்டைத் திறந்தேன்.
வெளியே போகும் பொருள்: கிழிந்த சல்லடை, இரண்டு.
காரணம்: வாத்து.
கொண்டுபோகிறவர்: என் கையெழுத்து.
சோதித்தவர்: அதே கையெழுத்து.
பிறகு என் பையை நானே திறந்து
சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன்.
முறை என்று ஒன்று இருக்கிறதே.

எவ்வளவு தேய்த்தும் மாம்பழ வாசம் போகவில்லை.
மரநாய்க்குப் பழமும் இஷ்டம் என்றார்கள்.
வரட்டும், நக்கிவிட்டுப் போகட்டும்.
வந்தது. காலையில் கம்பியில் இரண்டு முடி.
உள்ளே ஐந்தும்
தண்ணீர் மாற்றவில்லை என்று கத்திக்கொண்டிருந்தன.

ஆடியில் பழம் நின்றது, ஃபேக்டரி நின்றது,
விசில் ஆணியில் தொங்கியது.
ராத்திரியில் தூங்கப் பழக்கம் விட்டுப்போய்
எழுந்து எழுந்து டார்ச் அடித்தேன்.

ஒரு சாயங்காலம் கூண்டுக்குள் குந்தி
மேல் மூலையில் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தேன்.
விந்தல் என் பாதத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.
சாலம்மா வந்தாள். குனிந்து பார்த்தாள்.
வெளியிலிருந்து தாழ் போட்டாள்.
"ஆறு" என்றாள்,
உலை வைக்கப் போய்விட்டாள்.